ஊதினால் பறக்காது... ஒட்டிக்கொள்ளும்! சோலார் செல்லைத் தொடாமலே தூக்கும் காற்று: எப்படி தெரியுமா?

ரெட்டியார்பாளையம் பக்கம் மொட்டை மாடியில் சோலார் பேனல் போட யோசிக்கிறீங்களா? மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. விலை, மானியம் எல்லாம் விசாரித்திருப்பீங்க. பேனலுக்குள் இருக்கும் அந்தக் கறுப்புக் கட்டங்களைக் கவனித்தீங்களா?

அவைதான் சிலிக்கான் செல்கள். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அழுத்திப் பிடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்காவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். நாளாக நாளாக மின்சாரம் குறைய அதுவும் ஒரு காரணம்.

அப்போ தொழிற்சாலையில் எப்படித் தூக்குவாங்க? ஒரு வழி, செல்லின் மீது காற்றை ஊதுவது. ஆமாம், உறிஞ்சுவது இல்லை, ஊதுவது! இதற்கான கருவியின் பெயர் பெர்னூலி கிரிப்பர்.

வீட்டிலேயே செய்து பாருங்க

ஒரு விசிட்டிங் கார்டின் நடுவில் குண்டூசி குத்துங்க. ஊசி முனை தையல் நூல் உருளையின் ஓட்டைக்குள் போகும்படி, கார்டை உருளைக்கு அடியில் பிடியுங்க. மேலிருந்து பலமாக ஊதிக்கொண்டே கையை எடுங்க. ஊதும் வரை கார்டு விழாது!

காரணம் என்ன?

ஊதிய காற்று, குறுகிய இடைவெளியில் நாலாபுறமும் வேகமாகப் பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. அடியில் இருக்கும் சாதாரணக் காற்று மேலே தள்ளுகிறது. 18 செ.மீ. சதுர செல்லை அடியிலிருந்து காற்று தள்ளும் விசை 300 கிலோவுக்கும் மேல். செல்லின் எடையோ 10 கிராம் சொச்சம். மேலே அழுத்தம் துளி குறைந்தாலே போதும்.

ரொம்ப நெருங்கினால் இடைவெளி அடைபட்டு, ஊதும் காற்றே செல்லை விலக்கிவிடும். அதனால் மெல்லிய இடைவெளியிலேயே மிதக்கும்.

குறையே இல்லையா?

இருக்கு. பக்கவாட்டில் பிடிமானம் இல்லை. வழுக்காமல் இருக்க ஓரத்தில் தடுப்பு வேண்டும். அது மட்டும் செல்லைத் தொடும். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் ஃபெஸ்டோ, ஷ்மால்ஸ் நிறுவனங்கள் இக்கருவிகளைத் தயாரிக்கின்றன. நம் பக்கத்திலேயே, நெல்லை மாவட்டம் கங்கைகொண்டானில், ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் திறன் கொண்ட டாடா பவரின் சோலார் ஆலை இருக்கிறது. இதுபோன்ற ஆலைகளில் செல்லை உடையாமல் நகர்த்துவதே பெரிய வேலை.

அவ்வளவு பத்திரமாகச் செய்த பேனல் அது. கழுவும்போது அதன் மேல் ஏறி நிற்காதீங்க!