போன் பேசுகிறது, ஓடிபி மட்டும் வரவில்லையா?

கம்ப்யூட்டரில் மின் கட்டணம் செலுத்துகிறீர்கள். ஓடிபி வரவில்லை. உடனே ‘ரீசென்ட்’ பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பல தளங்களில் புதிய எண் கிளம்பியதும் பழையது செல்லாது. தாமதமாக வந்த பழைய எண்ணை டைப் செய்தால் தவறு என்றே காட்டும். மெசேஜ் ஆப்பின் ஸ்பேம் போல்டரையும் பாருங்கள்.

அண்மையில் சிம் மாற்றினீர்களா? அப்படியானால் போனில் கோளாறு இல்லை. தொலைத்தொடர்புத் துறை 2022-ல் இட்ட உத்தரவுப்படி, மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. அழைப்புகள் வரும். எரிச்சல்தான்! ஆனால் உங்கள் பெயரில் வேறொருவர் சிம் வாங்கி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடக் கூடாதே.

நீங்கள் சிம் மாற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் அதே நிறுவன சிம்மில் சிக்னல் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லையா? அவர் போனிலிருந்தே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.