இரண்டு கிலோ நரம்பும் ஐந்து கிலோ மீனும்

இரண்டு கிலோ தாங்கும் தூண்டில் நரம்பில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டித் தூக்கினால், பை தரையை விட்டு எழும்புவதற்குள் நரம்பு அறுந்துவிடும். அதே நரம்பின் முனையில் ஐந்து கிலோ மீன் ஒன்று திமிறிக்கொண்டு ஓடட்டும். தூண்டில்காரர் பதறாமல் இருந்தால் நரம்பு தாங்கிவிடும், களைத்துப்போவது மீன்தான். பை சும்மா கிடக்கிறது, மீனோ முழு பலத்தோடு இழுக்கிறது. பிறகு எப்படி?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இந்தக் கேள்வி தினமும் மாலையில் சோதித்துப் பார்க்கப்படுகிறது. ஸ்வான் ஆற்றின் ஓரத்துப் புறநகர்களில் ஒன்று ஆப்பிள்கிராஸ். வேலை முடிந்து வருபவர்கள் அங்குள்ள படகுத்துறையில் சுமார் இரண்டு மீட்டர் நீளக் கோலும், உள்ளங்கையில் அடங்கும் சுருளியும், சில கிராம் எடையுள்ள ரப்பர் போலி இரையுமாக நிற்பார்கள். ‘லைட் டேக்கிள்’ எனப்படும் மென்தூண்டில் முறை இது.

ஆறு என்றாலும் இங்கே ஓடுவது பெரும்பாலும் கடல்நீர். முன்பு ஆற்றின் வாயை ஒரு சுண்ணாம்புப் பாறைத் திட்டு மறித்திருந்தது. பொறியாளர் சி. ஒய். ஓகானர் அதைத் தகர்த்து, 1897இல் ஃப்ரீமேன்டில் துறைமுகத்தைத் திறந்தார். உப்பு நீர் தாராளமாக உள்ளே வந்தது. ஒரு லிட்டர் கடல்நீர், நன்னீரைவிட ஏறக்குறைய 25 கிராம் கனமானது. எனவே குளிர்கால மழையில் ஆறு பெருகும்போது நன்னீர் மேலே கடலை நோக்கி வழிய, உப்பு நீர் அடியில் தனி அடுக்காகத் தங்கும். துறையிலிருந்து இறங்கும் நரம்பு, வெவ்வேறு வேகத்தில் நகரும் இரண்டு நீரடுக்குகளைக் கடக்க வேண்டியிருக்கும். நரம்பு தடித்திருந்தால் நீரோட்டம் அதை வில்லாக வளைத்து இரையை இழுத்துச் சென்றுவிடும். தடிமனைப் பாதியாக்கினால், அதன்மேல் நீர் கொடுக்கும் தள்ளலும் ஏறத்தாழப் பாதியாகும். மெலிந்த நரம்புக்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் மீனின் புலன்கள். துறையின் கால்களில் சிப்பிகள் மொய்த்திருக்கும். அவற்றை உடைத்துத் தின்னும் வலுவான பற்கள் கொண்டது கறுப்பு பிரீம் மீன். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது, அதுவும் பெரும்பாலும் இதே கழிமுகத்துக்குள். அதன் உடலின் இரு பக்கமும் ‘பக்கக்கோடு’ என்னும் உணர்வுறுப்பு ஓடுகிறது. நுண்மயிர் போன்ற உணர்விகள் அடங்கிய வரிசை அது. அருகில் நீர் லேசாக அசைந்தாலும் தெரிந்துவிடும். ரப்பர் மீனின் வால் துடிக்கும்போது சின்னச் சின்னச் சுழல்கள் உருவாகின்றன. கலங்கல் நீரிலும் பிரீம் இரையைத் தேடி வருவதற்கு அந்தச் சுழல்கள் உதவுகின்றன.

கண்ணும் சாதாரணமானதல்ல. நீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், 180 பாகை வானம் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. துறையின் விளிம்பில் நிமிர்ந்து நிற்பவர் அந்தச் சாளரத்தில் நன்றாகவே விழுவார். ஓரடி பின்வாங்கிக் குனிந்தால் சாளரத்தின் விளிம்புக்கு நகர்ந்து நசுங்கிப்போவார். இரையை ஒட்டிய கடைசி ஒன்றிரண்டு மீட்டருக்கு ஃப்ளூரோகார்பன் என்ற நரம்பைக் கட்டுவதும் மீனின் கண்ணுக்குத் தப்பத்தான். ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண், தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீரின் எண்ணை எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவுக்குப் பொருள் நீரில் கரைந்து தோன்றும்.

மீதி நரம்பு என்ன? கடைக்காரர் தரும் கேரி பேக்கின் அதே பாலிஎத்திலீன்! பையில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கலாகக் கிடக்கின்றன. 1970களின் இறுதியில் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவன ஆய்வாளர்கள், மிக நீளமான சங்கிலிகளைக் கூழாகக் கரைத்து, இழையாக நூற்று, ஒரே திசையில் இழுத்து நேராக்கும் வழியைக் கண்டார்கள். அப்படிக் கிடைத்த இழை, எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது. அதைப் பின்னிய நரம்பு, அதே பாரம் தாங்கும் தங்கூசி என்ற ஒற்றை நைலான் நரம்பின் பாதித் தடிமனுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் ஒரு சிக்கல். தங்கூசி நீளும், இது அநேகமாக நீளாது. மீன் கொத்துவது உடனே விரலுக்குத் தெரிகிறது, ஆனால் மீன் வெட்டி இழுத்தால் அந்த அதிர்ச்சியும் அப்படியே நரம்பில் இறங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ மீன் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதை 0.05 நொடியில் நிறுத்தினால் நரம்பில் விழும் விசை நான்கு கிலோ எடைக்குச் சமம், நரம்பு போய்விடும். அரை நொடியில் நிறுத்தினால் 400 கிராம்தான். கார்பன் இழைக் கோல் வளைவது இந்த அவகாசத்தைச் சம்பாதித்துத் தரத்தான்.

கோல் வளைந்து முடித்த பிறகும் மீன் இழுத்தால், சுருளி விட்டுக்கொடுக்கும். அதனுள் வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று உரசும் ஒரு பிடி இருக்கிறது, ‘டிராக்’ என்பார்கள். நரம்பின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் அதற்கு வைப்பார்கள். இரண்டு கிலோ நரம்பென்றால் 500 முதல் 650 கிராம். இழுவை அதைத் தாண்டியதும் சுருள் சுழன்று நரம்பை விடும். ஓடும் ஒவ்வொரு மீட்டருக்கும் மீன் உழைக்க வேண்டும், அந்த உழைப்பெல்லாம் தகடுகளில் வெப்பமாகக் கரைந்துவிடும். பாய்ச்சலுக்குப் பயன்படும் மீனின் வெள்ளைத் தசை வெகு வேகமாகக் களைத்துப்போகும் தசை. எனவே காலம் தூண்டில்காரர் பக்கம்.

இந்தச் சிறு சுருளிக்குப் பின்னால் ஒரு நூல் ஆலை இருக்கிறது. இங்கிலாந்தின் பிராட்போர்டில் கம்பளித் தொழில் செய்தவர் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த். நூற்கண்டைச் சுழற்றாமலே அதன் முனை வழியாக நூலை உருவலாம் என்பது ஆலைக்காரர்களுக்குப் பழகிய விஷயம். அதே வழியில் சுழலாத சுருள் கொண்ட சுருளிக்கு அவர் 1905இல் காப்புரிமை பெற்றார். பழைய சுருளிகளில், வீசப்படும் இரைதான் சுருளைச் சுழற்றியாக வேண்டும். இரை இலேசானால் அதற்கு அந்தத் திராணி இல்லை. சுருள் அசையாமல் நின்றதும், ஐந்து கிராம் இரைகூடத் தொலைவில் போய் விழுந்தது.

டிராக்கில் ஒரு பொறியும் ஒளிந்திருக்கிறது. நரம்பு வெளியேற வெளியேற, சுருளின் ஆரம் குறைகிறது. 20 மில்லிமீட்டர் 15 ஆனால், திருகைத் தொடாமலே 600 கிராம் பிடி 800 ஆகிவிடும். மீன் தூரமாகப் போகிறதே என்று புதியவர்கள் இறுக்குவார்கள், தேர்ந்தவர்கள் சற்றே தளர்த்துவார்கள்.

சரி, ஐந்து கிலோ எடை எங்கே போனது? தண்ணீருக்குள் அது அநேகமாக இல்லவே இல்லை. நம் கத்தாளைகளின் குடும்பத்தைச் சேர்ந்த முல்லோவே இந்த ஆற்றுக்குள் வரும் பெரிய மீன். அதன் வயிற்றில் காற்றுப்பை உண்டு. உடலின் அடர்த்தியைச் சுற்றியுள்ள நீரின் அடர்த்திக்குச் சமமாக்குவது அந்தப் பை. நீரின் மிதப்புவிசை எடையைச் சுமந்துகொள்ள, நரம்பு எதிர்கொள்வது மீனின் தசையை மட்டுமே. தசை களைக்கும், எடை களைக்காது.

அதனால்தான் கடைசி இரண்டு மீட்டர் மிக ஆபத்தானது. துறையின் பலகை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. களைத்த மீனை நரம்பிலேயே தூக்கினால், அது நீரை விட்டு வெளியேறும் கணத்தில் ஐந்து கிலோவும் திரும்பி வந்துவிடும். அனுபவசாலிகள் நீண்ட காம்புள்ள கைவலையை நீருக்குள்ளேயே இறக்கி மீனை அள்ளுவார்கள். வலை கொண்டுவராதவர், கோலை உயர்த்திப் பிடித்தபடி, துறையின் கால்களில் நரம்பு சிக்காமல், மீனை நீரிலேயே நடத்திக்கொண்டு கரை வரை போக வேண்டியதுதான்.