தேடக் கற்றுத்தரும் நூலகம்

பள்ளி நூலகத்தில் ஒரு நூல் வேண்டுமென்றால், அலமாரிகளை ஒருமுறை சுற்றி வந்தாலே போதும். பல்கலைக்கழக நூலகத்தில் அது இயலாது. அங்குப் பல மாடிகளில் இலட்சக்கணக்கான நூல்கள் இருக்கும். ஆகவே, நூல்களைச் சேர்ப்பது மட்டுமன்று, அவற்றைத் தேடக் கற்றுத்தருவதும் அந்நூலகத்தின் பணியாகும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அப்பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. 1950-களில் அங்கு இந்திய ஆய்வியல் துறையை அமைக்கத் திட்டமிட்டபோது, அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். தமிழ் நூல்கள் வாங்குவதற்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பே கிட்டாத தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தனர். 1956-இல் துறை தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூருக்கு மாறியது. அதன் தலைவராகப் பணியாற்றிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால், 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

இன்று பல்கலைக்கழக நூலகங்களில் அச்சு நூல்களோடு ஆய்வேடுகள், பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருள்கள், மின்னூல்கள், மின்னிதழ்கள் ஆகியனவும் உள்ளன. தேவையான நூல் அங்கு இல்லையென்றால், வேறொரு நூலகத்திலிருந்து இரவல் பெற்றுத் தரும் சேவையும் உண்டு.

இத்தனை இருந்தும், தேடும் முறை தெரியாவிட்டால் பயனில்லை. சான்றாக, சிலப்பதிகாரத்தைத் தேடும் மாணவர் ஒருவர், கணினியில் ‘எஸ்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கித் தட்டச்சு செய்கிறார். ‘நூல் இல்லை’ என்று திரை காட்டுகிறது. உண்மையில் நூல் அலமாரியில்தான் இருக்கிறது. பல நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்துகளில் பதிவு செய்யப்படுகின்றன. அந்த எழுத்துமுறையில் ‘ச’ என்பதற்குச் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தே வரும். அவ்வாறே, ‘திருக்குறள்’ என்பதை எழுதும்போது ‘டி’க்குப் பின் ‘எச்’ வராது. இந்தச் சிறு விவரத்தை அறியாமல் வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலர்.

இத்தகைய நுணுக்கங்களைக் கற்பிக்கவே நூலகங்கள் பட்டறைகளை நடத்துகின்றன. நம்பத்தகுந்த தகவலை இனங்காணும் முறையும் அங்குக் கற்றுத்தரப்படுகிறது. பிறர் கருத்தை எடுத்தாளும்போது ஆசிரியர் பெயர், நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் அது கருத்துத் திருட்டாகிவிடும் என்பதையும் மாணவர்கள் உணர்கின்றனர்.

நூலகங்களில் நிகழ்ச்சிகளும் நடைபெறும். புதிய மாணவர்களுக்கு நூலகச் சுற்று, நூல் கண்காட்சி, எழுத்தாளர் சந்திப்பு போன்றவை அவற்றுள் சில. பாடநூலைத் தாண்டிப் படிக்கும் ஆர்வத்தை இவை தூண்டுகின்றன.

அன்று எளிய மக்கள் கொடுத்த காசு நூல்களாக மாறியது. அந்நூல்களை ஒரு மாணவர் தேடி எடுத்துப் படிக்கும்போதுதான் அவர்களின் கொடை முழுமை பெறுகிறது.