பத்து நிமிடத்துக்கு ஒரு பரிசல்

1984 பிப்ரவரி 14 அன்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு ஒரே அறுவையில் இதயத்தையும் கல்லீரலையும் மாற்றிவைத்தார்கள். அதற்கு முன் உலகில் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. அந்தச் சின்ன வயதிலேயே அவளுக்கு மாரடைப்பு வந்திருந்தது. பழுதான இதயத்தை மாற்றியது புரிகிறது. கல்லீரலை ஏன் மாற்றினார்கள்?

அவள் ரத்தத்தில் கொழுப்பு, டெசிலிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. நமக்கு 200 தாண்டினாலே மருத்துவர் முகம் சுளிப்பார். ஆறு வயதுக் குழந்தை எதைத் தின்றும் அந்த அளவை எட்டிவிட முடியாது. அது பிறப்போடு வந்தது.

எப்படி வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் டல்லஸ் நகரத்தின் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன். 1970களின் தொடக்கத்தில் இந்நோய் உள்ளவர்களின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். வெளியிலிருந்து கொழுப்பு கிடைத்தால், இயல்பான செல் தன் சொந்தத் தயாரிப்பை நிறுத்திவிடும். நோயாளியின் செல்லோ சுற்றிலும் கொழுப்பு கிடந்தும் தயாரித்துக்கொண்டே இருந்தது. வெளியே இருப்பது உள்ளே வந்து சேரவே இல்லை!

செல்லின் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. அது ஆற்றுத்துறைப் பரிசல் போல. ரத்தத்தில் மிதந்துவரும் எல்.டி.எல். கொழுப்புத் துகளை ஏற்றி உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெறுமையாய்த் திரும்பிவரும். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம். சுமார் இருபது மணி நேர ஆயுளில் நூறு தடவைக்கு மேல் போய்வந்துவிடும். உடலிலேயே இந்தப் பரிசல்கள் மிகுதியாக ஓடும் துறை கல்லீரல். பரிசலைச் செய்யும் மரபணு, 19ஆம் குரோமோசோமில் உள்ளது.

ஸ்டார்மிக்குப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்திருந்தது. புதுக் கல்லீரல் வந்ததும் கொழுப்பு 300க்கும் கீழே இறங்கியது. கேள்விக்கு விடை அதுதான்: பழைய கல்லீரலை விட்டுவைத்திருந்தால் புது இதயத்தின் குழாய்களும் அடைத்துப்போயிருக்கும். 1990இல் தன் பதின்மூன்றாம் வயதில் அவள் இறந்தாள். ஆனாலும் அந்த ஆறே முக்கால் ஆண்டுகள் பெரிய பேறு என்றே நினைக்கிறேன்.

இரு பிரதியும் பழுதாவது மிக அரிது. ஒன்று மட்டும் பழுதாவது அரிதே அல்ல. ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு உண்டு. பாதிப் பரிசல்களோடு பிறப்பவர்கள் இவர்கள். உடம்பு ஒல்லியாகக்கூட இருக்கலாம், வலியே இருக்காது. சிலருக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருக்கும், இளவயதிலேயே கருவிழி ஓரத்தில் வெள்ளை வளையம் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால், ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேரை 50 வயதுக்குள் இதயநோய் பிடித்துவிடும்.

இதன் மறுபக்கம் இன்னும் வியப்பானது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தின் வேலை பரிசல்களை அழிப்பது. அதைச் செய்யும் மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்த நிலையில் பிறந்த அமெரிக்கக் கறுப்பின மக்கள் சிலரை ஹெலன் ஹாப்ஸ், ஜோனத்தன் கோஹன் குழுவினர் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். அவர்களின் எல்.டி.எல். 28 சதவீதம்தான் குறைவு. இதயநோயோ 88 சதவீதம் குறைவு! பிறந்த நாளிலிருந்தே குறைவாக இருந்ததால் வந்த பலன் இது. கொழுப்பின் அளவோடு, அது எத்தனை ஆண்டு ரத்தக்குழாயில் ஓடியது என்பதும் சேர்ந்துதான் மாரடைப்பைத் தீர்மானிக்கிறது.

ஆகவே மருந்தை எப்போது தொடங்குகிறோம் என்பது முக்கியம். ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலின் சொந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. தட்டுப்பாட்டை உணர்ந்த கல்லீரல், பழுதில்லாத பிரதியைக் கொண்டு கூடுதல் பரிசல்களைச் செய்துகொள்கிறது. பரிசலை அழிக்கும் புரதத்தைத் தடுக்கும் ஊசியும் 2015 முதல் இருக்கிறது.

பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. உங்கள் வீட்டில் 55 வயதுக்கு முன் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ, 60 வயதுக்கு முன் அம்மாவுக்கோ அத்தைக்கோ மாரடைப்பு வந்திருந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு முறை கொழுப்புப் பரிசோதனை செய்துவிடுங்கள். கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும்.