டப்பாவுக்குள் ஒரு மழைக்காலம்!

"குஜிலியம்பாறையில மீன் பிடிக்கிறீங்களா? எதுல ஸார், பாறையிலயா?"

எங்கள் ஊரில் தூண்டில் போடுகிறவர்கள் உண்டு என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் இப்படித்தான் கிண்டலடிக்கிறார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. திண்டுக்கல் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், கரூர் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற வானம் பார்த்த பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மனசு வைத்தால் குளம் நிறையும். குளம் நிறைந்தால் ஜிலேபிக் கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் எங்கிருந்தோ வந்து சேரும். அப்போதுதான் பரண் மேலிருந்து தூண்டில் இறங்கும். வேடசந்தூர்ப் பக்கம் குடகனாற்றில் தண்ணீர் ஓடினால் கேட்கவே வேண்டாம். குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் போய் உட்கார்ந்தால் மத்தியானக் குழம்புக்கு வழி பிறந்துவிடும்.

மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றும். தூண்டில் மறுபடியும் பரணுக்கு. மழை ஏமாற்றினால் அடுத்த வருஷமும் அது கீழே இறங்காது.

விஷயமே இங்கேதான். ராமேஸ்வரத்து மீனவரின் முள் தினமும் வேலை செய்து தேய்கிறது. எங்கள் ஊர் முள்ளோ சும்மா இருந்தே செத்துப் போகிறது! நான் பி.காம். ஆசாமி. எங்கள் பாஷையில் இதற்குத் தேய்மானம் என்று பெயர். மெஷின் ஓடினாலும் தேய்மானம், ஓடாமல் நின்றாலும் தேய்மானம். தூண்டில் முள்ளுக்கு அந்தக் கணக்கை எழுதுகிற கணக்குப்பிள்ளையின் பெயர்தான் துரு.

துருவுக்கு என்ன வேண்டும்?

மூன்றே மூன்று. இரும்பு, காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன், கொஞ்சம் ஈரம். இதில் உப்பும் சேர்ந்தால் கல்யாண வீட்டில் மேளமும் சேர்ந்த மாதிரி, வேலை ஜரூராக நடக்கும்.

உப்பின் கைவரிசையைப் பார்க்க பாம்பன் போதும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், கடல் காற்றோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு பாலிசிலாக்ஸேன் என்கிற விசேஷப் பூச்சே அடித்திருக்கிறார்கள், எல்லாம் துருவுக்குப் பயந்துதான்.

இதற்கென்றே ஆராய்ச்சி செய்ய நம்ம காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! உலோகம் அரிப்பது அங்கே ஒரு முக்கியமான பாடம்.

"சரி ஸார், எங்க ஊர்ல கடலும் இல்லை, உப்புக் காற்றும் இல்லை. வெயில்தான் கொளுத்துது. துரு எப்படி வரும்?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் ஒரு குடும்பமே இந்தக் கேள்வியால் இரண்டாகப் பார்த்தது.

அப்பா கட்சி, பிள்ளை கட்சி

எங்கள் தெருவில் ஒரு மாமா. வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய அப்பா விட்டுப்போன சொத்தில் நிலமெல்லாம் கைமாறிவிட்டது. மிச்சம் இருந்தது, விரால் பிடிக்கிற பெரிய முள் ஆறு. ஒரு பழைய பால் பவுடர் டப்பா, அதன் மூடியில் ஆணியால் குத்தின நாலு ஓட்டை, உள்ளே ஒரு துணிச்சுருணை, அதில் குத்தின முள். டப்பா விறகடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கும். பல வருஷமாகத் துரு கிட்டேயே வரவில்லை.

திருப்பூரில் வேலை பார்க்கிற மகன், அப்பாவுக்கு ஆசையாக ஒரு பெட்டி வாங்கி வந்தான். கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக், சுற்றிலும் ரப்பர், நாலு பக்கம் கிளிப். தண்ணீரில் போட்டாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. மாமா ஊரெல்லாம் காட்டினார். கார்த்திகையில் குளத்துக்குப் போனார். நனைந்த முள்ளை அப்படியே பெட்டியில் வைத்து, நாலு கிளிப்பையும் 'டக் டக்'கென்று போட்டு, பரணில் ஏற்றினார். பொங்கல் கழித்துத் திறந்தால் ஆறு முள்ளும் செக்கச் செவேல்!

"மாப்ளே, இவன் எவன்கிட்டயோ ஏமாந்து வாங்கியாந்திருக்கான். எங்கப்பன் ஞாபகமா இருந்தது இதுதான்" என்று என்னிடம் சொன்னபோது மாமாவின் குரல் கம்மிவிட்டது. மகனோ போனில், "அப்பாவுக்கு எது வாங்கிக் குடுத்தாலும் குத்தம்தாண்ணே" என்றான். ஒரு வாரம் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும்தான்!

தண்ணீரை உள்ளே விடாத பெட்டி, உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது. நாலு நனைந்த முள்ளும் ஒரு ஈரத் துணியும் போதும், அந்தச் சின்ன டப்பாவுக்குள் காற்று முழுக்க ஈரமாகிவிடும். காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவிகிதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். பகலில் ஓட்டுக்குக் கீழே பெட்டி சூடாகும், ராத்திரி குளிரும். குளிரும்போது உள்ளே இருக்கிற ஈரம் பனி மாதிரி முள்ளின் மேலேயே படியும். வெளியே பங்குனி வெயில், டப்பாவுக்குள் நித்திய கார்த்திகை!

பழைய டப்பாவில் ஓட்டை இருந்தது, கீழே அடுப்பு எரிந்தது. ஈரம் சூடாகி வெளியே போய்விட்டது. அவ்வளவுதான் ரகசியம்.

மாமாவிடம் சொன்னேன்: "பெட்டி மேல குத்தமில்லை மாமா. திருடனை உள்ள விட்டுப் பூட்டினா, திண்டுக்கல் பூட்டாலயும் என்ன பண்ண முடியும்?" 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டாயிற்றே. மாமாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

மேலாகத் துருப்பிடித்த இரண்டு முள்ளைக் காப்பாற்ற முடிந்தது. மற்ற நாலில் குழி குழியாக அரித்துவிட்டது. தூக்கிப் போட மனசு வராமல் அவற்றைச் சாமி படத்துக்குப் பின்னால் பொட்டலமாக வைத்திருக்கிறார். மகனிடம் அன்று ராத்திரியே அவராகப் போன் பண்ணினார்.

எந்தப் பெட்டி வாங்கலாம்?

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சின்ன முக்கோணத்துக்குள் ஒரு நம்பர் இருக்கும். 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன். தைரியமாக வாங்கலாம். 6 என்று இருந்தால் பாலிஸ்டைரீன். பளபளப்பாக இருக்கும், கீழே விழுந்தால் அப்பளம். ரப்பர் மாதிரி வளைகிற பிளாஸ்டிக் புழு வைத்திருப்பவர்கள் இதை வாங்கவே கூடாது. புழுவை மெதுவாக வைத்திருக்கிற எண்ணெய்ப் பசை கசிந்து, பெட்டியையே இளக்கிவிடும். புழுவும் பெட்டியும் ஒட்டி ஒரே குடும்பமாகிவிடும்.

உள்ளே தடுப்புகள் இருக்க வேண்டும். ஒரு முள் துருப்பிடித்தால், அந்தத் துரு பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்து முள்ளையும் நனைக்கும். கூடையில் அழுகின தக்காளி கதைதான். நனைந்த முள்ளுக்கு மூடியில் ஓட்டை போட்ட சின்ன டப்பா ஒன்று, காய்ந்த முள்ளுக்கு ரப்பர் வைத்த நல்ல பெட்டி ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்வது உத்தமம். கரையிலிருந்து வீடு வரை முதல் டப்பா, பரணுக்கு இரண்டாவது.

"எவர்சில்வர் முள்ளே வாங்கிட்டா?" என்பார்கள். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-ல் செய்து காட்டிய சமாசாரம் அது. குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் சேர்ந்தால் துருவை எதிர்த்து நிற்கும். ஆனால் நல்ல கூர் வேண்டும் என்பதற்காக நிறைய முட்களைக் கார்பன் எஃகில் செய்து மேலே பூச்சு கொடுக்கிறார்கள். அரம் வைத்துத் தீட்டினால் நுனியில் பூச்சு போய்விடும். துரு முதலில் உட்காருவதும் அங்கேதான்.

அஞ்சே நிமிஷம்

* வீட்டுக்கு வந்ததும் முள்ளை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கருவாட்டுத் துண்டு கோர்த்திருந்தால் கட்டாயம். நம் கை வேர்வையிலும் உப்பு உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில்.

* துணியால் துடைத்து, பெட்டியைத் திறந்து வைத்து, ஒரு ராத்திரி முழுக்கக் காய விடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

* தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, துணியில் தொட்டுத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகித் தூசியைச் சேர்க்கும். புழு கோர்க்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

* புது ஷூ டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் பெட்டியில் போடுங்கள். நிறம் மாறும் ரகத்தில், நீலம் என்றால் வேலை செய்கிறது, ரோஸ் என்றால் வயிறு நிறைந்துவிட்டது. புதுசு மாற்றுங்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அரிசி முடிச்சு இந்த அளவுக்கு உழைக்காது, எலிக்குத்தான் விருந்து.

* லேசான துருவா? புளிக் கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து எண்ணெய் தடவுங்கள். பிறகு கட்டிங் பிளேயரில் பிடித்து வளைவை இழுத்துப் பாருங்கள். நிமிர்ந்தாலோ ஒடிந்தாலோ அதற்குப் பென்ஷன் கொடுத்துவிட வேண்டியதுதான். நாலு கிலோ விரால் அதைச் சோதிப்பதைவிட நீங்கள் சோதிப்பது மேல்.

பல்லும் விரலும்

இரண்டு எச்சரிக்கை. ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. ஈயம் விஷம். குழந்தைகளுக்கு இன்னும் மோசம். பிளேயர் எதற்கு இருக்கிறது? ஈயம் வைத்த டப்பாவில் முறுக்கு, சீடை வைக்கவே கூடாது. தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

துருப்பிடித்த முள் விரலில் ஏறினால், "துருதான் விஷம்" என்று சுண்ணாம்பு தடவி உட்காராதீர்கள். வில்லன் துரு அல்ல. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற டெட்டனஸ் கிருமி. சொரசொரப்பான துருவில் அழுக்கு தங்கும், ஆழமாகக் குத்தினால் கிருமி உள்ளே போகும். பளபளக்கிற புது முள் குத்தினாலும் இதே கதைதான். முள்ளின் பின்பக்கக் கொக்கி உள்ளே போயிருந்தால் வெடுக்கென்று பிடுங்க வேண்டாம். நேரே ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு தடுப்பூசி.

முள் அஞ்சு, பத்து ரூபாய் சமாசாரம், இதற்கு இவ்வளவு பாடா என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முள்ளின் விலை கடையில் பத்து ரூபாய். ரெண்டு வருஷம் கழித்துக் குளம் நிறைந்து, தக்கை முங்கி, கையில் கனம் தட்டுகிற அந்த நிமிஷத்தில் அதன் விலையே வேறு!

அடுத்த கார்த்திகையில் குளம் நிறையுமா? அது மேலே இருக்கிறவர் கணக்கு. டப்பாவுக்குள் மழை பெய்யாமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம்ம கணக்கு.