ஒழுகும் இன்ஜினுக்கு ஒரு டப்பா மருந்து!

நாவலூர் அபார்ட்மென்ட்களின் பார்க்கிங்கில் எந்தக் கார் எவ்வளவு பழசு என்று தெரிந்துகொள்ள ஆர்.சி. புக் தேவையில்லை. கார் நகர்ந்த பிறகு தரையைப் பார்த்தால் போதும். புதுக் கார் நின்ற இடம் பளிச். பத்து வருஷக் கார் என்றால் ஒரு பொட்டு. பதினைந்து தாண்டியிருந்தால் புள்ளிக் கோலம். இருபது தாண்டிவிட்டதா? கோலத்துக்குக் கலர் கொடுத்தே முடித்திருக்கும்!

இந்தக் கோலங்களின் சொந்தக்காரர்கள்தான் ஸ்பேர்ஸ் கடைகளில் ஒரு சின்ன டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்ஜின் ஆயிலோடு சேர்த்து ஊற்றினால் ஒழுகல் நிற்கும் என்கிறது டப்பா. மெக்கானிக்கோ, "கியர்பாக்ஸை இறக்கணும் சார்" என்கிறார். மாசக் கடைசியில் யார் பேச்சைக் கேட்போம்? டப்பா பேச்சைத்தான்!

தாம்பரத்தைச் சுற்றிய நம் ஏரியாவுக்கு இது கொஞ்சம் ஸ்பெஷல் பிரச்னை. கார் கம்பெனிகள் வந்து வந்து போன பூமி இது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் 1980களின் கடைசியிலேயே மூடிக்கொண்டது. மறைமலை நகர் ஃபோர்டு 2022ல் கார் தயாரிப்பை நிறுத்தியது. கம்பெனி போனாலும் கார் போகவில்லையே! அம்பாசடர், மாருதி 800, பழைய சான்ட்ரோ, ஐகான் என்று இன்னும் எத்தனையோ வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒழுகிக்கொண்டும்தான்.

நான் பி.காம். இன்ஜினைவிட லெட்ஜர்தான் எனக்குப் பரிச்சயம். இருந்தாலும் மாமனார் வழியில் வந்த ஒரு மாருதி 800 வீட்டில் இருப்பதால், இந்த டப்பா விவகாரத்தைக் கொஞ்சம் ஆடிட் செய்து பார்த்தேன்.

முதலில், அது ஆயில்தானா?

சிரிக்காதீர்கள். சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு வந்து நிறுத்தினால் கீழே தண்ணீர் சொட்டும். அதைப் பார்த்துப் பதறி டப்பா வாங்கப் போனவர்கள் உண்டு.

ராத்திரி காருக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி., கவலை வேண்டாம். பச்சையாகவோ ரோஸாகவோ இருந்து, இனிப்பு வாடை அடித்தால் ரேடியேட்டர் கூலன்ட். சக்கரத்துக்கு அருகில் வெளிர் மஞ்சளில் வழவழவென்று இருந்தால் பிரேக் ஆயில். வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்! கறுப்பாக, பிசுக்கென்று இருந்தால்தான் நம் கதாநாயகன், இன்ஜின் ஆயில்.

ரப்பர் பேண்டு ரகசியம்

ஆபீஸில் பழைய ஃபைலைச் சுற்றிப் போட்ட ரப்பர் பேண்டைப் பார்த்திருப்பீர்கள். வாங்கும்போது இழுத்த இழுப்புக்கு வரும். பத்து வருஷம் கழித்துத் தொட்டால் பொட்டென்று உடையும். இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் சீலின் கதையும் அதுதான். சுற்றும் கிராங்க் தண்டைச் சுற்றி ரப்பர் உதடு மாதிரி ஒட்டிக்கொண்டு ஆயிலை வெளியே விடாமல் தடுப்பது அதன் வேலை. ரப்பரை மெத்தென்று வைத்திருக்கும் சரக்கு, வருஷக்கணக்கான சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். உதடு விறைத்துச் சுருங்கும். இடைவெளி விழும். அப்புறம் சொட்டு!

டப்பாவுக்குள் இருப்பது இதற்கான மருந்து. ரப்பருக்குள் ஊறி, அதை மறுபடி இளக்கி, லேசாக உப்ப வைக்கும் ரசாயனம். உப்பினால் இடைவெளி அடைபடும். மாயமில்லை, மந்திரமில்லை. ஆனால் ஊற்றிய மறுநாளே நிற்காது. சில நூறு கிலோமீட்டர் ஓடி, சூடான ஆயிலில் சீல் ஊற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருப்போரூர் கோயிலுக்குப் போய்வரும் காருக்குப் பலன் தெரிய மாசக்கணக்கில் ஆகலாம்.

இன்னொரு ரக டப்பாவும் உண்டு. அது சீலைத் தொடாது. ஆயிலையே கெட்டியாக்கும். ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஒழுகும், கூழ் சீக்கிரம் ஒழுகாது அல்லவா? அதே லாஜிக். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே வரைக்கும் ஓடிப் போய்ச் சேர வேண்டுமே? கூழ் மாதிரி இருந்தால் லேட்டாகத்தான் போகும். அதுவரை உலோகத்தோடு உலோகம் உரசும். கம்பெனி புத்தகம் அனுமதித்தால் 20டபிள்யூ-50 மாதிரி சற்றுக் கெட்டியான ஆயிலுக்கு மாறுவது இதைவிட நேர்மையான வழி. நம்ம ஊரில் பனியா கொட்டுகிறது?

"எங்கேருந்துன்னு சொல்லு தம்பி!"

தாழம்பூர் ரோடு பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷ சர்வீஸ்.

"அண்ணே, ஆயில் லீக் ஆகுது. டப்பா ஊத்திப் பாக்கலாமா?"

"வயித்து வலின்னு போனா டாக்டர் எங்கே வலிக்குதுன்னு கேக்கறாரா இல்லியா? லீக்னா எங்கேருந்துன்னு சொல்லு தம்பி."

"கீழேருந்துதான் சொட்டுது."

"ஆயில் எப்பவும் கீழேதான் வரும். லீக் எப்பவும் மேலேதான் இருக்கும்!"

தத்துவம் மாதிரி இருந்தாலும் நூற்றுக்கு நூறு இன்ஜினியரிங். மேலே டேப்பட் கவரில் கசியும் ஆயில் இன்ஜின் முழுக்க வழிந்து, காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் சேம்பர் அடியில்தான் சொட்டும். அவர் இன்ஜினைச் சுத்தமாகக் கழுவித் துடைத்தார். "கேளம்பாக்கம் போய்ட்டு வா" என்றார். வந்ததும் டார்ச் அடித்து மேலிருந்து கீழே தேடினார்.

மூன்று இடம் மாட்டியது. ஒன்று, டேப்பட் கவர் பேக்கிங். கழற்றினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இரண்டு, பிரீதர் குழாய் அடைப்பு. இது முக்கியம். பிரஷர் குக்கரில் வெயிட் துவாரம் அடைத்துக்கொண்டால் என்னாகும்? கேஸ்கட் வழியாகப் பொங்கும். இன்ஜினுக்குள் உண்டாகும் வாயு பிரீதர் வழியாக வெளியேற முடியாவிட்டால், நல்ல சீலைக்கூடத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். மூன்று, கிராங்கின் பின்பக்கச் சீலில் லேசான கசிவு.

முதல் இரண்டையும் சரிசெய்ய ஆன செலவு, டப்பா விலையில் பாதிகூட இல்லை! அந்த இரண்டுக்கும் டப்பா ஊற்றியிருந்தால்? நொறுங்கிய பேக்கிங்கை எந்த மருந்தும் ஒட்ட வைக்காது. அடைத்த குழாயை எந்த மருந்தும் திறக்காது. லூஸான போல்ட், தேய்ந்த ட்ரெயின் நட் வாஷர், விரிசல் விட்ட சேம்பர் எல்லாமே இந்த லிஸ்டில்தான். பிஸ்டன் ரிங் தேய்ந்து உள்ளே பிரஷர் ஏறும் வண்டியும் அப்படியே.

மூன்றாவதுதான் டப்பாவுக்கான கேஸ். பின்பக்கச் சீலின் விலை ஒரு குடும்பம் ஹோட்டலில் டிபன் சாப்பிடும் காசுதான். ஆனால் அதைத் தொட கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, ஃப்ளைவீலையும் எடுக்க வேண்டும். கூலிதான் கொல்லும். "கிளட்ச் பிளேட் எப்படியும் ஒரு வருஷத்துல மாத்தணும். அப்போ கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆகணும். சீலையும் அப்பவே போட்டுடலாம். அதுவரைக்கும் வேணா டப்பா ஊத்து" என்றார் அண்ணன். ஊற்றினோம். இரண்டு மாதத்தில் அட்டையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருந்த கறை, மிளகு அளவுக்கு வந்தது. முழுசாக நிற்கவில்லை. அவகாசம் கிடைத்தது.

அம்பாசடருக்கு ஆகாது

ஒரு வேடிக்கை. பழைய 1489 சி.சி. அம்பாசடர் இன்ஜினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது! தண்டில் ஸ்க்ரூ மாதிரி மரை வெட்டியிருப்பார்கள். சுற்றும்போது அந்த மரை, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை உள்ளேயே திருப்பி அனுப்பும். பிரிட்டிஷ் மூளை! தேய்ந்து இடைவெளி கூடினால் ஒழுகும். அந்த இடத்தில் உப்புவதற்கு ரப்பர் எங்கே இருக்கிறது? டப்பா மேல் டப்பா ஊற்றி, 'எல்லாம் ஏமாத்து' என்று திட்டிய அம்பாசடர்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மருந்து பொய்யில்லை. வியாதிதான் வேறு.

ஏமாற்றே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 'ஸ்லிக் 50' என்ற இன்ஜின் மருந்து சக்கைப்போடு போட்டது. இது ஒழுகலுக்கு அல்ல, தேய்மானத்தைக் குறைக்க. விளம்பரத்துக்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 1996ல் அந்த நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடித்தது. 1997ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. டப்பா மேல் எழுதியிருப்பதெல்லாம் வேதவாக்கு இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

சொட்டுக் கணக்கு

இப்போது நம்ம சப்ஜெக்ட். ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. வண்டி ஓடும்போது நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்று வைப்போம். நாவலூரிலிருந்து டைடல் பார்க் போய்வர, ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் தினம் 2 மணி நேரம். 120 சொட்டு. அதாவது 6 மி.லி. மாசத்துக்கு 180 மி.லி. பயமில்லை, பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொள்ளலாம்.

அதுவே நிமிஷத்துக்குப் பத்து சொட்டானால்? மாசத்துக்கு 1.8 லிட்டர். மாருதி 800 இன்ஜினில் இருப்பதே ஏறக்குறைய 3 லிட்டர்! பாதிக்கு மேல் ரோட்டில். இந்த ஸ்டேஜில் டப்பா வாங்குவது, வெள்ளம் வந்த வீட்டில் மாப் வாங்குவது மாதிரி.

"சிவப்பு லைட் எரிஞ்சா பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாஷ்போர்டில் இருக்கும் அந்த ஆயில் விளக்கு, ஆயில் குறைந்தால் எரிவதில்லை. பிரஷர் விழுந்தால்தான் எரியும். அது எரியும்போது இன்ஜின் ஏற்கெனவே பட்டினி. ஓரம் கட்டி உடனே ஆஃப் செய்யாவிட்டால் சீஸ்தான். மாருதி 800 மாதிரி டைமிங் பெல்ட் வண்டியில் முன்பக்கச் சீல் கசிந்தால் இன்னொரு ஆபத்து. ஆயில் பட்டுப் பட்டு பெல்ட் கெட்டு, ஒருநாள் நடுரோட்டில் அறுந்துவிடும். அதற்கு டப்பா ஊற்றிக் காத்திருக்கக் கூடாது.

முதல் மழையில் சிக்னல் பக்கம் பைக் வழுக்கி விழுந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அது நீங்களாக இருக்கும்! தார் ரோட்டில் கிடக்கும் ஆயில் மேல் தண்ணீர் பட்டால் சோப்பு மாதிரி. நம் கார் ஒழுகுவது நம் பர்ஸ் விஷயம் மட்டும் இல்லை. பின்னால் வரும் ஸ்ப்ளெண்டர்காரர் விஷயமும்தான்.

சரி, ஊற்றலாமா கூடாதா?

முதலில் கழுவி, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். பேக்கிங், வாஷர் மாதிரி சில்லறை வேலைகளை முடியுங்கள். மிச்சம் இருப்பது ரப்பர் சீலில் மெதுவான கசிவு என்றால் மட்டும், ஆயில் மாற்றும்போது ஒரு டப்பா, சொன்ன அளவு. 'ரெண்டு ஊத்தினா ரெண்டு மடங்கு நிக்கும்' என்ற கணக்கு இங்கே செல்லாது. அளவு மீறினால் சீல் கொழகொழத்துவிடும். ரேடியேட்டர் லீக் டப்பாவை மாற்றி ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் கொஞ்சம் கலந்தால் சீல் உப்பும் என்று ஒரு பாட்டி வைத்தியம் சொல்வார்கள். சீல் உப்பும், இன்ஜின் ஆயில் நாசமாகும்.

கம்பெனி மூடிவிட்டதே, சீலுக்கு எங்கே போவது? பெரும்பாலான ஆயில் சீல்களின் மேலேயே மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். பழசைக் கையில் எடுத்துக்கொண்டு ஜி.பி. ரோடு போங்கள். அளவு பார்த்துக் கொடுப்பார்கள்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத் தொகையைச் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு அப்போதைக்குச் சமாளிப்போமே, அதுதான் இந்த டப்பா. தப்பில்லை, அனுமதி உண்டு. ஆனால் வருஷக் கடைசிக்குள் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து நேர் செய்தாக வேண்டும். சஸ்பென்ஸிலேயே கம்பெனியை ஓட்டினால் ஆடிட்டர் வருவார்.

இந்தக் கேஸில் ஆடிட்டர் யார் தெரியுமா? ரெக்கவரி வேன்காரர். ஃபீஸ் ரொம்ப ஜாஸ்தி!