லாரி பேச மறுத்தால் முதலில் ஒயரைப் பாருங்கள்

கூட்டேரிப்பட்டில், மயிலம் முருகன் கோயிலுக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டி ஒரு லாரி ஓரங்கட்டி நிற்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. டிரைவர் ஓனருக்குப் போன் போடுகிறார். ஓனர் நாலு பேரிடம் விசாரித்து, லேப்டாப் வைத்திருக்கும் ஓர் ஆளை அனுப்புகிறார். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே பிளக்கைச் செருகிப் பார்த்துவிட்டு, "கம்யூனிகேஷன் இல்லை" என்கிறார். அடுத்த மூச்சிலேயே, "ஈசிஎம் போயிருக்கும். யூரியா சிஸ்டத்தையே ஆஃப் பண்ணி ரீமேப் போட்டுத் தந்துடறேன், மைலேஜும் கூடும்" என்கிறார்.

என் உறவினர் ஒருவர் இதே மாதிரிப் பேச்சை நம்பினார். ஒரே லாரி, அதையும் தானே ஓட்டுபவர், மாதா மாதம் டியூ கட்டுபவர். எப்படியோ தொடர்பு கிடைத்து, லேப்டாப்பிலிருந்து ரீமேப்புக்கான புது மென்பொருள் ஏறத் தொடங்கியது. சாவி ஆன் நிலையில், கேபினுக்குள் ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, பேட்டரிக்குச் சார்ஜர் எதுவும் போடாமலே வேலை நடந்தது. பாதி தாண்டியதும் திரை உறைந்து நின்றது. அதற்குப் பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகவே இல்லை. லேப்டாப்காரர் "நாளைக்கு வர்றேன்" என்று போனவர்தான், அப்புறம் போனை எடுக்கவில்லை. கையில் பில் கிடையாது. வண்டியைப் பட்டறைக்குக் கட்டி இழுத்துப்போய், இன்ஜின் கணினியான ஈசிஎம்மை மாற்றிய செலவு, அவர் கட்டும் டியூவைப் போலப் பல மடங்கு.

உண்மையான கோளாறு அங்கேதான் தெரியவந்தது. இரண்டு வாரம் முன்பு சேசிஸில் டூல்பாக்ஸுக்காக ஒரு பிராக்கெட் வெல்டிங் வைத்திருந்தார்கள். அந்தச் சூட்டில் ஒயர்க்கட்டின் உறை உருகி, பின்னிப் போகும் இரண்டு மெல்லிய ஒயர்கள் ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. அதைச் சரிசெய்யத் தேவைப்பட்டது துண்டு ஒயரும் அரை மணி நேரமும்.

அந்த இரண்டு ஒயர்களுக்குப் பெயர் கேன் பஸ். பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-இல் வெளியிட்ட முறை இது. இன்ஜின், பிரேக், மீட்டர், யூரியா என ஒவ்வொன்றுக்கும் இன்றைய லாரியில் பெரும்பாலும் தனித்தனிக் கணினி உண்டு. அவை இப்படியொரு ஜோடி ஒயரில்தான் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. தெருக்குழாய் மாதிரி, ஓரிடத்தில் அடைத்தாலும் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றுபோகக்கூடும். ஆகவே ஸ்கேனரில் 'யு' என்ற எழுத்தில் தொடங்கும் கோடு வந்தால், ஒரு கணினியின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்கவில்லை என்று பொருள். கேட்காதது வேறு, செத்தது வேறு. யு0100 என்று வந்த உடனே ஈசிஎம்மை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பதினாறு துளை கொண்ட ஸ்கேன் சாக்கெட்டில், பெரும்பாலான வண்டிகளுக்கு 16-ஆம் துளை பேட்டரி கரண்ட். 4, 5 எர்த். அங்கே வோல்ட் வரவில்லை என்றால் ஸ்கேனரே உயிர்பெறாது. ஒரு ஃபியூஸ் போயிருக்கலாம். அடுத்து பேட்டரியைக் கழற்றிவிட்டு 6, 14 ஆகிய துளைகளுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். இந்த ஒயர்ஜோடியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதால், நல்ல நிலையில் மீட்டர் 60 அளவில் காட்டும். 120 காட்டினால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனைத் தடை போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில மாடல்களில் சாக்கெட்டுக்கும் உள் ஒயருக்கும் நடுவே ஒரு கேட்வே கணினி இருப்பதால் அளவு மாறும். அந்த மாடலின் ஒயரிங் படம் பார்த்த மெக்கானிக்தான் அதைச் சொல்ல வேண்டும்.

கோளாறுக்குக் காரணங்களும் நம் ஊர்க் காரணங்கள்தான். பேட்டரியைக் கழற்றாமல் வைக்கும் வெல்டிங், கனெக்டருக்குள் பீய்ச்சி அடிக்கும் வாட்டர் சர்வீஸ், கூடுதல் ஹாரனுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் கிடைத்த ஒயரைச் சுரண்டி முடிச்சுப் போடுவது, எலி. இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகே ஈசிஎம்மைச் சந்தேகிக்கலாம்.

இனி அந்த 'யூரியா ஆஃப்' விஷயம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்தது. கனரக டீசல் இன்ஜின் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுக்கு பிஎஸ்4-இல் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் வரை அனுமதி இருந்தது, இப்போது 0.4 கிராம்தான். பெரும்பாலான லாரிகளில் அந்தக் குறைப்பைச் செய்வது டிரைவர்கள் யூரியா என்று சொல்லும் டிஇஎஃப் திரவம். 32.5 சதவீத யூரியாக் கரைசலான அது, சைலன்சருக்குள் அம்மோனியாவாகி நச்சு வாயுவை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. அந்த நச்சு நுரையீரலைப் பாதிக்கும் வாயு. லாரிகள் கியர் மாற்றித் திரும்பும் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் சுவாசிக்கிறார்கள்.

எமுலேட்டர் என்று விற்கும் சின்னப் பெட்டி, 'யூரியா நன்றாக ஓடுகிறது, சென்சார் சரி' என்று அதே கேன் ஒயரில் இடைவிடாமல் பொய்ச்செய்தி அனுப்பும் கருவி. பழைய யூரியா கணினியைச் சரியாகப் பிரிக்காமல் இதை மாட்டினால், ஒரே பெயரில் இரண்டு பேர் பதில் சொல்ல, மொத்த ஒயரும் குழம்பும். இல்லாத கம்யூனிகேஷன் கோளாறை நாமே காசு கொடுத்து வாங்குவது இது. பொலூஷன் சர்டிபிகேட் கிடைக்கிறதே என்று சிலர் வாதாடுகிறார்கள். அந்தச் சோதனை டீசல் வண்டியின் புகை அடர்த்தியைத்தான் பார்க்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை.

சட்டம் பிடிப்பது ஓனரை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசு விதியை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், 190(2) பிரிவில் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. மேப் போட்டவர் பெயர் ஆர்.சி.யில் இல்லை. உங்கள் பெயர்தான் இருக்கிறது.

செலவைக் குறைக்க, வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து டேங்கில் ஊற்றும் பழக்கமும் இருக்கிறது. நம் நாட்டு உர யூரியா வேப்பெண்ணெய் பூசியது. அந்த எண்ணெயும் உரத்திலுள்ள மற்ற அசுத்தங்களும் ஊசியை அடைத்து, விலை உயர்ந்த கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். மானிய உரத்தை மண்ணுக்கல்லாமல் வேறு வேலைக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-இன்படி குற்றமும்கூட. வேண்டாம்.

அப்படியானால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மட்டும்தான் போக வேண்டுமா? இல்லை. வெளி மெக்கானிக்கிடம் போவது உங்கள் உரிமை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் தடுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் ரிப்பேர் பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அந்த ரிப்பேரால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் சொன்னது. பிறகு மேல்முறையீடுகள் நடந்தன. அந்த உத்தரவு கார்களைப் பற்றியது என்பதும் நினைவிருக்கட்டும். லாரி ஓனர்களுக்கும் இதே நியாயம் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்கேனரும் ஒயரிங் படமும் நல்ல மெக்கானிக் கைக்கு எட்டாதபோதுதான் ஓனர்கள் லேப்டாப்காரரிடம் போய் விழுகிறார்கள். ஆனால் ரீமேப் வேறு கதை. ஈசிஎம்மில் இருக்கும் மென்பொருளின் அடையாள எண் ஸ்கேனரில் தெரியும். அது மாறியிருந்து இன்ஜின் பழுதானால் கம்பெனி வாரண்டியை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

நேர்மையாக ரிப்பேருக்குக் கொடுத்து ஏமாந்தவருக்கு வழி உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இது சேவைக் குறைபாடு. லாரி தொழிலுக்கானதாயிற்றே, நாம் நுகர்வோரா என்று தயங்குவார்கள். தன் பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்பவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பத்து லாரி வைத்திருப்பவருக்கு அந்த வாதம் எடுபடுவது கடினம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். வக்கீல் தேவைப்பட்டு வசதி இல்லாதவர்கள் 15100-இல் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம்.

என் உறவினரால் இதில் எதையும் செய்ய முடியவில்லை. பில் இல்லை, கழற்றிய பழைய ஈசிஎம்மைத் திருப்பி வாங்கவில்லை, யூரியாவை ஆஃப் செய்யச் சம்மதித்தவரும் அவரே. ஆகவே அடுத்த முறை மஞ்சள் விளக்கு எரிந்தால், ஸ்கேனரில் தெரியும் கோடு எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓம் அளக்கச் சொல்லி, அது எவ்வளவு என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறக்கச் சொல்லுங்கள்.